சட்டைப் பொத்தான் அளவு கறுப்பு

எட்டு ஓட்டைக்கு ஒரு படம். பிலிம் சுருளின் இரண்டு ஓரத்திலும் வரிசையாகச் சதுர ஓட்டை இருக்கிறதே, அதில் எட்டு எண்ணினால் ஒரு படம் முடிந்தது என்று கணக்கு. யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. முப்பத்தைந்து வருஷமாக ஒரு கறுப்புச் சுருளைப் பவுடர் டப்பாவில் போட்டு, டப்பாவைப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்து, வீட்டில் ஆள் இல்லாத பொழுதெல்லாம் எடுத்து எடுத்து எண்ணினவளுக்கு அதுகூடத் தெரியாமல் போகுமா. இப்போது மணி ஒன்று. மூன்று மணிக்குத் தோப்பைப் பார்க்க ஆபீசர் வருகிறார். என் கையில் நகம் வெட்டுகிற சின்னக் கத்தரி, மடியில் சுருள், எதிரே பாயில் என் மருமகள் சுகுணா அந்த ட்ரோனைக் கவிழ்த்துப் போட்டு அதன் கண்ணை ஊதி ஊதித் துடைத்துக்கொண்டிருக்கிறாள். "அத்தை, சட்டைப் பொத்தான் அளவு வட்டமா இருந்தாப் போதும். கீறல் மட்டும் விழக்கூடாது" என்கிறாள். விழாது கண்ணு. இது வரைக்கும் இதன் மேல் விழாத கீறலா. எந்த இடத்தில் வெட்டுவது என்றுதான் கை நிற்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாலும் ஒன்றும் தெரியாது, அடுப்புக் கரி பூசின மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே கறுப்பு. இருந்தாலும் இதற்குள்ளே முப்பத்தாறு படம் இருக்கிறது. மாலை மாற்றினது, தாரை வார்த்தது, பந்தியில் என் அப்பா கையைக் கழுவாமல் அழுதுகொண்டு நின்றது. பன்னிரண்டாவது தாலி. அவர் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டே எடுத்தார், "பன்னண்டு" என்ற சத்தமும் கெட்டிமேளமும் ஒன்றாய்த்தான் என் காதில் விழுந்தன. அதில் கை வைக்க வேண்டாம், பந்திப் பக்கமாய் வெட்டிக்கொள்ளலாம் என்று இருநூறு ஓட்டை தாண்டி வந்துவிட்டேன். பந்தியில் என்ன பெரிய பந்தி, ரசத்துக்கு அப்புறம் மோர் பத்தவில்லை என்று அதற்கும் என்னைத்தான் பார்த்தார்கள், ஏதோ நான் குடித்துவிட்ட மாதிரி.

அவர் என்றால் மச்சாண்டார், என் வீட்டுக்காரருக்கு அண்ணன். பேர் அர்த்தநாரி. மனசுக்குள் சொல்லலாம், வாயால் சொல்லக்கூடாது. இந்த வீட்டு மருமகள் மச்சாண்டார் முன்னால் நிற்கக்கூடாது, அவர் பேரைச் சொல்லக்கூடாது, அவரோடு நேருக்கு நேர் பேசக்கூடாது. சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்லணும், மாட்டைப் பார்த்துச் சொல்லணும். "ஏ லட்சுமி, சாப்பாடு ஆறுது" என்று மாட்டிடம் சொன்னால் அவர் எழுந்து வந்து இலையில் உட்காருவார். அவரும் என்னிடம் பேச மாட்டார். "மாரப்பா, உன் சம்சாரத்தைக் கேளு" என்று தம்பியிடம் சொல்வார், நான் மூன்று முழத்தில் நின்றுகொண்டிருப்பேன். சுகுணா வந்த புதிதில் இதைப் பார்த்து, "ஏன் அத்தை, பெரிய மாமாவுக்குக் காது கேக்காதா" என்று கேட்டாள். நல்லாக் கேட்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னே அவர் பங்கு நிலத்தில் பாதியை ஜவ்வரிசி பண்ணுகிற சேகோ மில்லுக்குக் குத்தகைக்கு விட்டார், மில்லுக்காரன் அங்கே குட்டை வெட்டி மரவள்ளிக் கிழங்கு கழுவின தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டினான், பொழுது விடிகிற நேரத்துக்குக் குட்டையின் மடையைத் தூக்கி விடுகிற சத்தம் எனக்கே கேட்கிறது, பக்கத்திலேயே படுத்திருக்கிற அவருக்குக் கேட்காதா. கிழங்குச் சக்கை, அந்தத் திப்பி புளித்த நாற்றம், அது போகட்டும், நாற்றத்தோடு குடித்தனம் பண்ணலாம். என் பாக்கு மரம். ஆயிரத்து நூறு மரம். பையனை முதுகில் கட்டிக்கொண்டு குடத்தில் தண்ணீர் மோந்து ஊற்றி வைத்த மரம். நல்ல மரத்து மட்டை விழுந்தால் பலகை விழுந்த மாதிரி டப்பென்று கேட்கும். வடக்கு ஓரத்தில் ஆறு மாசமாய் ஈரத்துணி விழுந்த மாதிரி கேட்கிறது. வேர் அழுகுகிறது, எனக்குத் தெரியும். மனுக் கொடுத்ததுக்கு ஆபீசர் போன தடவை வந்து அண்ணாந்து பார்த்தார், "பச்சையாத்தானேம்மா இருக்கு" என்றார். மட்டை விழுகிற சத்தத்தைச் சொன்னேன். "சத்தத்தை எப்படிம்மா ரிப்போர்ட்ல எழுதறது" என்று சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை, சிரித்தார், அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற மச்சாண்டாரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம். இன்றைக்கு ஆபீசர் வருவது மூன்றாவது தடவை. இன்றைக்கும் பச்சை என்று எழுதிக்கொண்டு போனால் கோப்பைக் கட்டி மூடிவிடுவார்களாம். அப்புறம் எல்லா மரமும் ஒன்றாய்ப் பழுத்து நிற்கிறபோது யாரிடம் போய்ச் சொல்வது.

வெட்டிவிட்டேன். வட்டமாய் வர வேண்டுமே என்று ஒட்டுப் பொட்டில் பெரிய சைசாய் ஒன்றை எடுத்துப் பிலிம் மேல் ஒட்டி, அதன் ஓரத்தோடு கத்தரியைச் சுற்றினேன். அழகாய் வந்தது. பொட்டை உரித்தால் பசை பிலிமிலேயே நின்றுவிட்டது. தேங்காயெண்ணெய் தொட்டேன், வழுக்கிக்கொண்டு பரவியது. மண்ணெண்ணெய் தொட்டேன், கண்ணில் பூ விழுந்த மாதிரி வெளுத்துப்போய்விட்டது. "அத்தை, சொல்லியிருந்தா நான் வெட்டியிருப்பேன்ல" என்றாள் சுகுணா. சொல்ல மாட்டேன். இதை நான்தான் வெட்டணும். முதலில் அவள் வாழப்பாடியில் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கினாள், கழுவின கலர் நெகடிவில் வெளிச்சம் பட்டுக் கறுத்துப்போன துண்டு இருந்தால் கொடுங்கள் என்று. கறுத்த துண்டை எவன் வைத்திருப்பான், எல்லாம் குப்பையில் போய் எத்தனையோ காலமாச்சு என்று சிரித்து அனுப்பினார்கள். சோறு போடும்போது சொன்னாள். நான் கையை உதறிக்கொண்டு போய் டப்பாவைக் கொண்டுவந்து அவள் முன்னே வைத்தேன். மகளிர் குழுவில் பதினைந்து நாள் பயிற்சிக்குப் போய் மருந்தடிக்கிற ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொண்டவள், கெட்டிக்காரி, எனக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரிந்தவள். டிவி ரிமோட்டை எடுத்து முனையைக் காட்டி அமுக்கினாள், ஒன்றும் தெரியவில்லை. போன் கேமராவில் பார்க்கச் சொல்லி அமுக்கினாள், முனையில் மினுக்கென்று ஒரு வெளிச்சம். "நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அத்தை, அகச்சிவப்புன்னு பேரு. வேரு நல்லாருக்கற மரத்து இலை அதை அப்படியே திருப்பி அடிக்கும், வெள்ளையா விழும். சீக்கு மரத்து இலை திருப்பாது. கண்ணுக்குப் பச்சையாத் தெரியும், இதுல கறுப்பா விழும்." ட்ரோன் கேமராவுக்குள்ளே அந்த வெளிச்சத்தைத் தடுக்கிற சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கிறதாம், அதை ஊசியால் பெயர்த்து எடுத்துவிட்டாள். ஒரு கேமரா அதில் செத்துப்போனது, இது இரண்டாவது. இனி முன்னால் ஒன்று மூட வேண்டும், நாம் பார்க்கிற வெளிச்சத்தை எல்லாம் நிறுத்திவிட்டு, பார்க்காத வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகிற மாதிரி. அதற்குத்தான் கறுத்துப்போன கலர் பிலிம். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் இல்லை.

கறுத்துப்போனது. என்னமாய்க் கறுத்தது என்று ஊருக்கே ஒரு கதை உண்டே. மச்சாண்டார் சேலத்தில் யாரிடமோ கேமரா இரவல் வாங்கிக்கொண்டு வந்திருந்தார், கழுத்தில் வாரோடு. கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாப்பிள்ளையை விட அவரைத்தான் பார்த்தார்கள். முப்பத்தாறும் எடுத்து முடித்துப் பந்தலுக்கு வெளியே வந்தபோது என் தாய்மாமன் சும்மா இருக்காமல் அவரிடம், "எப்படி விழுந்திருக்குன்னு காட்டுங்க மாப்பிள்ளை, பாப்போம்" என்றார். இவருக்கும் காட்டத்தான் ஆசை. உச்சி வெயில். நாற்பது பேர் சுற்றி நிற்கப் பின்மூடியைத் திறந்து, நாக்கு மாதிரி பிலிமை இழுத்துக் காட்டினார். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை என்று என் மாமன் சொன்னார், "கழுவினாத்தான் தெரியும்" என்று இவர் சொன்னார். மணையில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது. கழுவி வந்தது, தெரிந்தது, கறுப்பு. வாசலில் நின்றுகொண்டு சுருளைத் தூக்கிக் காட்டி அவர் சொன்னார், "பொண்ணோட நெறம் அப்படியே ஏறிப்போச்சு." அவ்வளவு நல்லா இருந்ததாம் அந்தப் பேச்சு. சீமந்தத்தில் சொன்னார்கள். பையனுக்குக் காது குத்துகிறபோது சொன்னார்கள். என் மகன் கல்யாணத்தில் மச்சாண்டார் போட்டோக்காரனிடம், "தம்பி, மாமியாக்காரி பக்கம் திருப்பாதே, மிஷின் கெட்டுப்போயிரும்" என்று சொல்லி, போட்டோக்காரனும் சிரித்து, நானும் சிரித்தேன். சிரித்தேனே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம், பல்லைக் காட்டினேன்.

எனக்குத் தெரியும், அதுதான் விஷயம். கல்யாணமாகிப் பத்தாம் நாளே தெரியும். அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனும் தம்பியும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் குரலைத் தாழ்த்திச் சொன்னார், "வெளிச்சம் பட்டுப் போச்சாம்டா. மூடியைத் தெறக்கறதுக்கு முன்னாடி பிலிமைத் திருப்பிச் சுத்தியிருக்கணுமாம். ஸ்டுடியோக்காரன் திட்டறான். யார்கிட்டயும் சொல்லாதே." தம்பி சொன்னார், "சரிண்ணா." சரிண்ணா. அந்த ஒரு சொல்லோடு முப்பத்தைந்து வருஷம். மச்சாண்டார் சிரிக்கிறபோதெல்லாம் நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பேன், இன்றைக்குச் சொல்வாரா, இது வேண்டாம்ணா, இது நம்ம தப்புண்ணா என்று. மோரைக் குடித்துவிட்டு மீசையைத் துடைப்பார். அடிக்காத மனுஷர், கண்டபடி பேசாத மனுஷர், என் காலில் முள் ஏறினால் மடியில் வைத்து எடுத்தவர். அந்த ஒரு முள்ளை மட்டும் எடுக்கவில்லை. நானாகவே கேட்டிருக்கலாம். கேட்டால் ஒட்டுக் கேட்டவள் என்று ஆகும். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றால் காதில் விழாமல் என்ன செய்யும். இதோ வருகிறார், செருப்புச் சத்தம், இடது கால் இழுக்கிறது. தண்ணீர் கேட்பார். "பாவாயி, கொஞ்சம் தண்ணி" என்றார். சுகுணா எழுந்தாள். என் மடியில் கிடந்த சுருளை அவர் பார்த்தார், முகம் ஒரு மாதிரி ஆனது. "அதை எதுக்கு வெளியே எடுத்தே" என்றார். "வெட்டறேன்" என்றேன். "ஆபீசர் அண்ணன் கூடத்தான் வர்றாரு. அண்ணன் இருக்கறப்ப இந்த ஹெலிகாப்டரெல்லாம் பறக்க விட்டு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடப்போவுது. அண்ணன் சொன்னாரு, மில்லுக்காரன்கிட்ட அவரே பேசறாராம். விட்டுடு பாவாயி." நான், "நீங்க என்ன சொன்னீங்க" என்று கேட்டேன். "எதுக்கு?" "விட்டுடச் சொல்லுன்னு உங்க அண்ணன் சொன்னப்ப நீங்க என்ன சொன்னீங்க." செம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "சரின்னேன்."

அவர் போய்விட்டார். இரண்டாவது வட்டம் நன்றாக வந்திருந்தது. பொட்டெல்லாம் வேண்டாம் என்று பழைய சட்டையின் பொத்தானை வைத்து ஊசியால் கோடு கீறி, சாப்பாட்டுப் பந்தி இருந்த இடத்திலேயே வெட்டினேன். சுகுணா அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துச் சூரியனைப் பார்த்தாள். "ஒரு அடுக்கு பத்தலை அத்தை. சிவப்பு கொஞ்சம் கசியுது. இன்னொண்ணு வேணும், ரெண்டையும் சேத்து வெச்சுருவோம்." அதே படத்தில் இன்னொரு வட்டத்துக்கு இடம் இருந்தது. நான் அங்கே வெட்டவில்லை. சுருளைத் திருப்பி ஆரம்பத்திலிருந்து எண்ணினேன், எட்டு, பதினாறு, இருபத்துநாலு, எண்பத்தெட்டு வரைக்கும் எண்ணி அதற்கடுத்த எட்டு ஓட்டைக்கு நடுவில் பொத்தானை வைத்தேன். கெட்டிமேளம். கத்தரி வட்டமாய்ப் போய்த் தொடங்கின இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஓட்டை விழுந்த கறுப்புப் பிலிம், அவ்வளவுதான். இத்தனை நாள் எதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாட்டுவதற்கு வளையம் வேண்டும். தைல டப்பா மூடியை அறுத்துப் பார்த்தாள், கனம், ட்ரோனின் கழுத்து தாங்காமல் தலையைத் தொங்கப்போட்டது. பாக்கு மட்டை என்றேன். தெற்குப் பக்கத்து நல்ல மரத்து மட்டை, காய்ந்தால் காகிதத்தை விடக் கொஞ்சம்தான் கனம், பிளேடால் மோதிரம் மாதிரி இரண்டு வெட்டி நடுவில் இரண்டு பிலிமையும் வைத்து ஒட்டினோம். கேமரா கண்ணில் கச்சிதமாய் உட்கார்ந்தது. டிவி ரிமோட்டை அமுக்கினாள், போனில் இருட்டுக்குள் ஒரே ஒரு வெளிச்சம். வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, "சும்மா பாருங்க அத்தை" என்று கேமராவை என் பக்கம் திருப்பிப் போனை நீட்டினாள். யாரோ ஒரு பொம்பளை. மைதா மாவில் பிசைந்த முகம், கண் மட்டும் இரண்டு குழி, நான் கட்டியிருக்கிற கறுப்புச் சுங்குடி வெள்ளையாய் இருக்கிறது. "யார்றீ இவ?" "நீங்கதான். இதுல எல்லாரும் வெள்ளைதான், எனக்கும் இப்படித்தான் விழும்." எனக்கு அது பிடிக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் என் நிறத்துக்காகப் பட்டிருக்கிறேன், அதை இப்படிக் கழுவிக் காட்டினால் பட்டதெல்லாம் யார் பட்டது. "அழிச்சுடு கண்ணு, மரத்தைப் பாரு" என்றேன். அழித்துவிட்டாள்.

கொட்டாங்குச்சிக்குள் குளவியை விட்ட மாதிரி சத்தம். தூக்கினாள். மரத்தலைக்கு மேலே ஏறி ஒரு புள்ளியாய் நின்றது, பக்கவாட்டில் காற்றுக்கு முனகுவது எனக்குக் கேட்டது. துண்டைப் போர்த்திக்கொண்டு இரண்டு பேரும் போனுக்குள் குனிந்தோம். வானம் கறுப்பாய் இருக்கிறது, குட்டைத் தண்ணீர் அதை விடக் கறுப்பு. என் தோப்பு, என் தெற்குத் தோப்பு, பருத்தி வெடித்த காடு மாதிரி வெள்ளை, ஒவ்வொரு தலையும் தனித்தனியாய்ப் பூத்திருந்தது. வடக்கே கொண்டுபோனாள். குட்டைக் கரையிலிருந்து கறுப்பு ஒரு நாக்கு மாதிரி கிளம்பி என் தோப்புக்குள் நீண்டிருந்தது. வரிசை எண்ணினேன், பதினாலு வரிசை. காதில் கேட்டது அத்தனையும் கண்ணில் விழுந்துவிட்டது. "இதுதான் அத்தை, இதுக்கு மேல என்ன வேணும்" என்று சுகுணா என் முழங்கையைப் பிடித்தாள். "இன்னும் கொஞ்சம் மேக்கால போ" என்றேன், எல்லை எங்கே முடிகிறது என்று பார்க்கத்தான். குட்டைக்கு மேற்கே மச்சாண்டார் குத்தகைக்கு விடாமல் வைத்திருக்கிற மீதித் தோப்பு. முந்நூறு மரம். கொண்டு போனாள். ஒரு வெள்ளைத் தலை கிடையாது. என்னுடையதில் நாக்குதான் நீண்டிருந்தது, அவருடையதை முழுசாய் விழுங்கியிருந்தது. நல்லா வேணும் என்று தோன்றியது. தோன்றியதை மறைப்பானேன், இரண்டு மூச்சு விடுகிற நேரம் அது எனக்கு வெல்லக்கட்டி மாதிரி இருந்தது. அப்புறம் கரைந்து போய்ப் புளித்த நாற்றம்தான் நின்றது. மரம் என்ன செய்தது. அதுவும் யாரோ தண்ணீர் மோந்து ஊற்றினதுதான். அதில் பாதி மரத்துக்கு மோந்தது நான், அப்போது பாகம் பிரியவில்லை.

ஜீப் வந்துவிட்டது. ட்ரோன் இறங்கி வாசலில் உட்கார்ந்திருக்கிறது, மட்டை வளையமும் கறுப்புக் கண்ணுமாய். ஆபீசர் முன்னால், மச்சாண்டார் சலவை வேட்டியில், பின்னால் செருப்பை இழுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர். நான் கதவுக்குப் பின்னால் போக வேண்டிய நேரம். கால் அந்தப் பக்கம் திரும்பக்கூடச் செய்தது, அத்தனை பழக்கம். நிறுத்திக்கொண்டேன். மச்சாண்டார் பாயில் கிடந்த சுருளைப் பார்த்தார், அதில் விழுந்திருந்த ஓட்டைகளைப் பார்த்தார், வாய் மலர்ந்தது. "சார், இது எங்க வீட்டு அதிசயம். தம்பி கல்யாணத்துல எடுத்த பிலிமு. பொண்ணோட நெறம் இருக்கு பாருங்க..." ஆபீசர் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். மரத்தைப் பற்றித்தான் பேச வேண்டும், பதினாலு வரிசை, குட்டை, மடை, எல்லாவற்றையும் வரிசையாய் மனசில் கட்டி வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது. "நெறம் ஏறலை. வெளிச்சம் பட்டுப் போச்சு. மூடியைத் தெறந்தது நீங்க." என் குரல் எனக்கே புதிதாய் இருந்தது, தடித்து, நிதானமாய், யாரோ கிணற்றடியிலிருந்து பேசுகிற மாதிரி. "நாப்பது பேர் பாக்கத் தெறந்தீங்க. உங்க தம்பிக்கும் தெரியும்." மாட்டைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன், மூக்குக்குப் பக்கத்தில் ஒரு மரு இருக்கிறது, இத்தனை வருஷம் அது எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, யாரும் கேட்காமலே, "ஆமாண்ணா" என்றார்.

சுகுணா போனை ஆபீசரிடம் கொடுத்து வெள்ளை எது கறுப்பு எது என்று சொன்னாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார், ஒரு தடவை தோப்பை நிமிர்ந்து பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "மேற்கால மொத்தமா கறுத்துக் கிடக்கே, அது யார் தோப்பு?" என்றார். மச்சாண்டார் எட்டி அந்தப் படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார், தன் கிணறு, தன் வரப்பு, தன் மோட்டார் கொட்டகை, எல்லாம் அடையாளம் தெரிந்திருக்கும். வேட்டி நுனியைப் பிடித்த கை இறங்கிவிட்டது. தம்பி பக்கம் திரும்பினார். "மாரப்பா, இது என்னன்னு உன் சம்சாரத்தைக் கேளு" என்றார்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கிறதுக்கு முன்னால் நான் சொன்னேன், "என்னைக் கேளுங்க."

மச்சாண்டார் இன்னும் என்னைக் கேட்கவில்லை. ஆபீசர் பேனாவைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறார். வடக்கு ஓரத்தில் எங்கேயோ ஒரு மட்டை விழுந்தது, ஈரத்துணி மாதிரி. மச்சாண்டார் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினார். அவருக்கும் கேட்டிருக்கிறது. நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.